மாடி உயருது, அன்னதானத்துக்கு ஆள் குறையுது

நம்ம பிரிக்பீல்ட்ஸ்ல பழைய ரயில்வே யார்டு இருந்த 72 ஏக்கர்லதான் கேஎல் சென்ட்ரல் வந்தது. 2001ல் நிலையம் திறந்தாங்க. அப்புறம் சுற்றிலும் ஆபீஸ், ஆடம்பர கொண்டோ; செயின்ட் ரெஜிஸ்ல ஒரே கட்டடத்தில் ஹோட்டலும் சொகுசு வீடுகளும்.

வளர்ச்சி வேண்டாம்னு நாங்க சொல்லல. எல்ஆர்டி, மோனோரயில் இல்லாட்டி திருவிழாவுக்குப் பாதி கூட்டம் வராது. ஆனா ரயில்வே குடும்பத்துப் பிள்ளைங்க பலர் கிள்ளான், பூச்சோங்னு போயிட்டாங்க. விடியுமுன் காய்கறி நறுக்க, பூக்கட்ட, பக்கத்து வீட்டு அக்காமார் நடந்து வந்த காலம் போச்சு. கோயில் இருக்கு, குடியிருக்கத்தான் நம்மால முடியல!

இனி இங்கே எழும்புற ஒவ்வொரு மாடிக்கட்டடத்திலும் நம்ம சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் கொஞ்சமாவது வேணும். டிபிகேஎல் அனுமதி தரும் முன்பே கேட்கணும். பைலிங் தொடங்கின பிறகு கத்தி என்ன பிரயோஜனம்? திட்ட அறிவிப்பு எங்கே பார்த்தாலும் படம் பிடிச்சு எங்களுக்கு அனுப்புங்க. மனு நாங்க எழுதுறோம், கையெழுத்துப் போட வாங்க.