பூட்டிய சர்வரைத் திறக்கும் முன்

பழைய அட்மின் வேலையை விட்டுப் போயிருப்பார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் உள்ள பாஸ்வேர்டு செல்லாது. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாடிக்கையாளருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் உள்ளே நுழைய ஒருவராலும் முடியாது. நம் தொழிலில் இந்த நிலையை ஒருமுறையாவது சந்திக்காதவர் குறைவு. அப்போது கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில்தான் நல்ல சர்வர்கள் பாழாகின்றன.

தொலைந்த பாஸ்வேர்டை மீட்பதாக நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் எதையும் மீட்பதில்லை. லினக்ஸின் ஷேடோ கோப்பில் இருப்பது பாஸ்வேர்டின் ஹேஷ் மட்டுமே. அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பழைய சொல்லை எடுக்கும் சூத்திரம் கிடையாது. பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறோம், அவ்வளவுதான். அழித்து எழுதும் எந்த வேலைக்கும் முன்னால் ஒரு நகல் வேண்டும். எனவே முதல் படி ஸ்னாப்ஷாட். மற்றவை அதன் பிறகு.

வழிகள் பலருக்கும் தெரிந்தவை. வழியில் உள்ள பள்ளங்கள்தான் தெரிவதில்லை. ரெட்ஹேட் வழிவந்த லினக்ஸில் கன்சோலைத் திறந்து, கிரப் மெனுவில் கர்னல் வரியின் கடைசியில் ‘ஆர்டி.பிரேக்’ சேர்த்து, ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறோம். எஸ்இலினக்ஸுக்காக ‘ஆட்டோரீலேபிள்’ கோப்பை உருவாக்க மறந்தால், புதிய பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சர்வர் உள்ளே விடாமல் போகலாம். கேவிஎம்மில் ‘விர்ட்-கஸ்டமைஸ்’ ஒரே ஆணையில் காரியத்தை முடிக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் டிஸ்க்கில் அதைப் பாய்ச்சினால் டிஸ்க்கே சிதைந்துவிடக்கூடும். முதலில் மெஷினை அணைக்க வேண்டும்.

அமேசான் இசி2-வில் கீ தொலைந்தால், மெஷினை நிறுத்தி, ரூட் வால்யூமைக் கழற்றி, இன்னொரு மெஷினில் மாட்டிப் புதிய கீயை எழுதலாம். நிறுத்திய கணத்தில் இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் இருந்த தரவு போய்விடும். எலாஸ்டிக் ஐபி இல்லையென்றால் பொது ஐபி முகவரியும் மாறும். அஷ்யூரில் போர்ட்டலிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றலாம். மெஷினுக்குள் இருக்கும் ஏஜென்ட் உயிரோடு இருந்தால்தான் அது நடக்கும். டொமைன் கன்ட்ரோலரில் அந்த வழி செல்லாது. விண்டோஸில் லோக்கல் பயனரின் பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்றினால், அவர் ஈஎஃப்எஸ் மூலம் பூட்டிய கோப்புகளும் சேமித்து வைத்த ரகசியங்களும் திறக்காமல் போகலாம்.

இந்த வழிகள் அத்தனைக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். எதற்கும் பழைய பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. கன்சோலோ, டிஸ்க்கோ, கிளவுட் கணக்கோ கையில் இருந்தால் போதும். அப்படியானால் சர்வரின் உண்மையான சாவி அங்கேதான் இருக்கிறது. நீளமான ரூட் பாஸ்வேர்டை வைத்துவிட்டு, கிளவுட் கணக்கை நான்கு பேர் பகிரும் ஒரே லாகினில், இரண்டாம் சரிபார்ப்பு இல்லாமல் விட்டிருக்கும் அலுவலகங்கள் உண்டு. அது முன்கதவுக்கு இரும்புப் பூட்டும் கொல்லைக்கதவுக்குக் கயிறும் கட்டிய வீடு. லக்ஸ், பிட்லாக்கர் போன்ற டிஸ்க் குறியாக்கம் கொல்லைக்கதவையும் அடைக்கும். ஆனால் அதன் மீட்புச் சாவியைத் தொலைத்தால் டிஸ்க்கை வெளியிலிருந்து திறக்கும் எந்த வித்தையும் உதவாது. அச்சாவியைச் சர்வருக்கு வெளியே, இருவர் அறிய, பத்திரப்படுத்துவது கட்டாயம்.

இன்னொரு கடமையும் உண்டு. ‘அவசரம், பாஸ்வேர்டை மாற்றிக் கொடுங்கள்’ என்று வரும் அழைப்பு உரிமையாளருடையதா, ஊடுருவ நினைப்பவருடையதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. பதிவில் உள்ள எண்ணுக்கு நாமே திரும்ப அழைத்து உறுதிப்படுத்த வேண்டும். எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். எப்போது, யார், எந்த வழியில் திறந்தார் என்று குறித்து வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தற்காலிகக் கணக்குகளை நீக்க வேண்டும். பழைய ஹேஷையும் தரவையும் சுமந்திருக்கும் ஸ்னாப்ஷாட்டையும் மறக்காமல் அழிக்க வேண்டும். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக இதில் ஒரு படியைக்கூட விடலாகாது. அந்தக் கண்டிப்பு அவருடைய பாதுகாப்புக்காகத்தான்.

இந்த மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். சோதனை மெஷின் ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டு தெரியாதவராக உள்ளே போய்ப் பாருங்கள். செய்த படிகளை வரிசையாக எழுதி, அலுவலகத்தில் இன்னொருவரிடம் கொடுங்கள். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவரும் திறந்துவிட்டால், அடுத்த முறை உண்மையான சர்வர் பூட்டிக்கொள்ளும்போது உங்கள் கை பரபரக்காது.