தடைக்காலத்தில் பிள்ளைகளைப் பட்டறைக்கு விடுங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் சம்மாட்டிகளுக்கும், பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், கல்லூரி ஆசிரியர்களுக்கும்,

ஷார்ஜாவிலிருந்து உங்கள் மண்டபத்துக்காரன் எழுதுவது. கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் எனக்கு வேலை. ஆள் எடுக்கும் நேரத்தில் நம் ஊர்ப் பையன்களின் பயோடேட்டாவும் என் கைக்கு வரும். மெக்கானிக்கல் படித்திருப்பார்கள். பயிற்சி என்ற இடத்தில் மதுரையிலோ சென்னையிலோ உள்ள ஏதோ ஒரு சென்டரின் பெயர் இருக்கும். அங்கே என்ன செய்தாய் தம்பி என்று போனில் கேட்டால், "ஸ்லைடு போட்டுக் காட்டினாங்கண்ணே" என்பான். காசு கட்டி வாங்கிய தாள். அப்பா என்ன செய்கிறார் என்று பேச்சைத் திருப்பினால் போதும், அவன் குரலே வேறாகிவிடும். அப்பாவின் படகில் கியர்பாக்ஸ் மாட்டும்போது கூட நின்றது, நடுக்கடலில் டீசல் லைனில் ஏர் பிடித்து இன்ஜின் நின்றபோது தானே ஏர் எடுத்துவிட்டது எல்லாம் வரும். இதை ஏன்டா எழுதவில்லை? "அது நம்ம வீட்டு வேலைதானேண்ணே."

இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்படிச் சொல்ல அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். விசைப்படகுகள் கரையேறும். இன்ஜினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, ரிங் மாற்றி, ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, லேத்துப் பட்டறைகளுக்கு ராவும் பகலும் வேலை. கல்லூரி லீவும் அப்போதுதான். இரண்டையும் சேர்த்துவைக்க இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றாதது ஆச்சரியம்தான்.

பட்டறை வேலையைக் குறைவாக நினைப்பவர்களுக்கு ஒன்று: நம் ராமேஸ்வரத்துக் கலாம் பெயரில் விழா எடுக்காத கல்லூரி நம் மாவட்டத்தில் உண்டா? மேடையில் ராக்கெட்டைச் சொல்வார்கள். சென்னை எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான இன்ஜின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் குழுவில் அவர் வேலை பார்த்ததைச் சொல்ல மாட்டார்கள். பிஸ்டன் இன்ஜின், டர்பைன் இன்ஜின் இரண்டிலும் அவர் கை பட்டிருக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கியது. ஆனால் முழுநேரம் படிப்பவர்களுக்கு அதில் இடமில்லை என்றார்கள். படிக்கும்போதே கை பழக வேண்டுமென்றால் நாம்தான் பார்க்க வேண்டும்.

சம்மாட்டிகளே, படகுக்கு ஒரு மாணவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டீ வாங்கிவர அல்ல, ஸ்பேனர் பிடிக்க. தினம் பேட்டா கொடுங்கள். சும்மா வேலை வாங்கினால் அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம். எது தேய்ந்திருந்தது, எவ்வளவு தேய்ந்திருந்தது, எதை மாற்றினோம் என்று அவன் நோட்டில் எழுதட்டும். கீழே மேஸ்திரி கையெழுத்துப் போடட்டும். அந்தக் கையெழுத்துக்குக் கல்லூரி மதிப்பெண் தர வேண்டும். விபத்துக் காப்பீடும் கல்லூரிதான் எடுக்க வேண்டும்.

விலங்கியல் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு மண்டபம் முகாமே இருக்கிறது. கடல் விரால் எனும் கோபியாவை இந்தியாவில் முதன்முதலாக 2010-இல் குஞ்சு பொரிக்க வைத்தது அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். எங்கள் மாணவிகளைக் கொஞ்ச நாள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை கல்லூரிகள் அங்கே கடிதம் கொடுத்திருக்கின்றன? மூங்கில் மிதவையில் கடற்பாசி கட்டி, 45 நாளில் அறுக்கும் அக்காமார்களிடமும் அனுப்புங்கள். நீரோட்டத்தையும் நோயையும் அவர்கள் கண்ணாலேயே கண்டுபிடிப்பார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்கும் நாளுக்கு அவர்களுக்கும் கூலி உண்டு.

முதல் வருஷத்துக்குப் பத்துப் படகு போதும். பையன்களுக்கு ஷூ, கையுறை வாங்கும் செலவு இங்கிருக்கும் ஊர்க்காரர்களுடையது, பேசிவிட்டோம். எந்தெந்தப் படகு என்று பங்குனிக்குள் சொல்லுங்கள். அளவு கேட்டு வாங்கி அனுப்ப எங்களுக்கும் நாள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மண்டபத்துக்காரன்,
ஷார்ஜா