குதிரையின் குற்றம்

"ஜிம்னாஸ்டிக்ஸ் நம் பெண்களுக்கு ஒத்துவராது, தேகம் தாங்காது" என்று விடுதிச் சாப்பாட்டு மேசையில் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தீர்ப்பளித்தார். அவருக்கு 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கை நினைவூட்ட விரும்புகிறேன்.

பெண்கள் போட்டியில் பிரிவுகள் நான்கு: தாண்டுதல், உயரம் வேறுபட்ட இரு கம்பிகள், 10 சென்டிமீட்டரே அகலமுள்ள விட்டம், தரைப் பயிற்சி. தாண்டுவதற்கு அன்று குதிரை. 2001 முதல் மேசை. அந்தக் குதிரை 125 சென்டிமீட்டர் உயரம் இருந்திருக்க வேண்டும், 120தான் வைத்திருந்தார்கள்! ஓடிவந்து ஊன்றும் கைக்கு அந்த ஐந்து சென்டிமீட்டர் சாமானியமா? பலர் தடுமாறினர். ரஷ்யாவின் ஸ்வெத்லானா ஹோர்கினா முழந்தாளில் விழுந்தார். மனம் கலங்கிக் கம்பியிலும் தவறினார். குதிரையில் ஏதோ கோளாறு என்று வாய் திறந்து சொன்னவர் ஆஸ்திரேலிய வீராங்கனை அல்லானா ஸ்லேட்டர். அதன்பிறகே அளந்து பார்த்தார்கள். மறுபடி தாண்டலாம் என்றார்கள். கம்பியில் போன மதிப்பெண்ணை யார் தருவது?

நம் விளையாட்டுக் கூடத்தைப் பாருங்கள். ஆண்களுக்கு வளையம் தொங்குகிறது. பெண்களுக்கு விட்டமும் இல்லை, கம்பியும் இல்லை. மூலையிலுள்ள பழைய குதிரையோ தோல் கிழிந்து கிடக்கிறது. தேகத்தையா குறை சொல்வது? திரிபுராவின் தீபா கர்மாகர் 2016இல் ரியோவில் வெண்கலத்தை இழந்தது வெறும் 0.15 மதிப்பெண்ணில்.

விட்டமும் மெத்தையும் கேட்டு நம் சங்கம் மனுக் கொடுக்கட்டும். எழுத நான் தயார். முதல் கையெழுத்தை அந்த நண்பரிடமே வாங்குவேன்.