அவையடக்கம் வேறு, அச்சம் வேறு

புகழ்பெற்ற நாவலொன்று திரைப்படமாகும்போதெல்லாம் தமிழுலகில் ஒரு வழக்குமன்றம் கூடிவிடுகிறது. அம்மன்றத்தில் வாசகனே வாதி, வாசகனே நீதிபதி. ‘நூலில் உள்ளது படத்தில் இல்லை’ என்பதே குற்றப்பத்திரிகை. தீர்ப்போ பெரும்பாலும் படம் திரைக்கு வருமுன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் இரு பகுதிகளாக வெளிவந்தபோது, இம்மன்றம் தமிழகத்தோடு நில்லாது மலேசியாவிலும் கூடிற்று. கூடியதில் வியப்பில்லை. இந்நாவலின் நாயகன் அருள்மொழிவர்மனே பின்னாளைய இராசராசன். அவன் மகன் இராசேந்திரனின் கப்பற்படை 1025இல் வந்து தாக்கிய கடாரம் இன்றைய கெடா மாநிலமாகும். அந்நூலை உறவுபோல் போற்றும் வாசகர்கள் இங்கும் பலர். அவர்களுள் ஒரு சாரார், மணிமேகலை என்னும் பாத்திரம் எங்கே போயிற்று என வினவினர். நூலில் சேந்தன் அமுதனன்றோ உத்தம சோழனாகிறான், அத்திருப்பத்தை ஏன் கைவிட்டனர் எனச் சினந்தனர் பிறர். இவ்வினாக்களைக் கேட்பதில் குற்றமில்லை. இவற்றோடு தீர்ப்பை முடித்துக்கொள்வதே குற்றம்.

ஒரு நூலிலிருந்து மற்றொரு படைப்பு பிறப்பதைத் தமிழ் மரபு நன்கறியும். நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பியர், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாக்கினார். விரிந்ததைச் சுருக்குதல் குறையன்று, முறையே என்பது அவர் கருத்து. கம்பன் செய்ததும் வழிநூலே. வில் முறியுமுன் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் கண்டு காதலுறும் காட்சி வான்மீகத்தில் இல்லை. இரணியன் வதைப் படலமும் இல்லை. மூலத்தில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிச் செல்கிறான். கம்பனோ அவளைத் தீண்டாது, குடிலிருந்த நிலத்தோடு பெயர்த்துச் செல்வதாக மாற்றினான். இன்றைய வழக்குமன்றம் நேர்மையுடையதாயின், முதலில் கம்பனையன்றோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டும்?

அடுத்துக் கல்கியையும் ஏற்றவேண்டும். நாகைச் சூடாமணி விகாரம் இராசராசன் ஆட்சியில் கடாரத்தரசனால் எடுக்கப்பட்டதென ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. கல்கியோ, அருள்மொழி அரியணையேறுமுன்னரே அவனை அவ்விகாரத்தில் தங்கவைத்துக் கதை நடத்தினார். நந்தினி அவர் கற்பனையிற் பிறந்தவள். வரலாற்றினின்று தம் நாவலுக்கு வேண்டியதை எடுத்து, வேண்டாததை விடுத்து, இல்லாததைப் படைத்துக்கொண்ட அதே உரிமையை, அவர் நாவலினின்று படமெடுப்பவனுக்கு மறுப்பது எவ்வகை நீதி?

நாவலின் அமைப்பும் படத்தின் அமைப்பும் ஒன்றல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் கிழமைதோறும் வெளிவந்த தொடர் அது. ஐந்து பாகங்களில் ஏறத்தாழ 300 அத்தியாயங்கள். ஒவ்வோர் அத்தியாயமும் வாசகனை அடுத்த கிழமைவரை காத்திருக்கச் செய்யும் முடிச்சோடு முடிந்தது. இரு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே. நாவல் ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. ஆதித்த கரிகாலனை வாசகன் சற்றுப் பின்னரே காண்கிறான். படமோ கரிகாலனைத் தொடக்கத்திலேயே போர்க்களத்தில் நிறுத்துகிறது. ஏன்? கதை முழுதும் அவன் கொலையை நோக்கியே நகர்கிறது. அவன் உள்ளத்துக் கொந்தளிப்பை முதலிலேயே காட்டாவிடில், அவன் சாவு திரையில் வெறும் செய்தியாகிவிடும். இஃது எழுத்தைக் காட்சியாக்க முயன்றோர் எண்ணித் துணிந்த முடிவு.

இவ்விடத்தில் வேறொரு குரல் எழும். ‘இத்தகைய பெருநூலைத் தொடாதிருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை, தம்மால் இயலுமா என்ற ஐயம் எழுந்தவன் ஒதுங்கிக்கொள்வதே அறிவுடைமை’ என்பர். பணிவின் உடையில் வரும் இக்குரலே வழக்குமன்றத்தினும் கொடியது.

ஐயம் எழாத படைப்பாளி யார்? பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க முயலும் பூனைக்குத் தன்னை ஒப்பிட்டான் கம்பன். அதனைக் கூறிவிட்டு அவன் எழுத்தாணியைக் கீழே வைத்தானா? பல்லாயிரம் பாடல்களைப் பாடி முடித்தான். ஐயத்திற்கு நம் முன்னோர் அவையடக்கம் எனப் பெயரிட்டுப் பாயிரத்தில் இடமளித்தனர். பாயிரம் நூலின் வாயில். வாயிலில் நின்று தலைதாழ்த்தியவன் உள்ளே புகவேண்டும். வாயிலிலேயே அமர்ந்துவிடுபவனிடம் உள்ளது அடக்கமன்று, அச்சம்.

பொன்னியின் செல்வன் திரைக்கு வந்த வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1958இல் எம்.ஜி.ஆர். இதனைப் படமாக்க முனைந்தார், படம் உருவாகவில்லை. மணிரத்னம் 1980களின் இறுதியிலும் 2010ஐ ஒட்டியும் முயன்று நிறுத்தி, 2019இல்தான் படப்பிடிப்பைத் தொடங்கினார். பொருளும் காலமும் ஒத்துவராமை தடைகளுள் அடங்கும். ஆயினும் இருமுறை கைவிட்டதை மூன்றாம் முறை கையிலெடுப்பவன் தன் ஐயத்தோடு போராடாமலா எடுத்திருப்பான்? 1999இல் சென்னையில் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் இந்நாவலை மேடையேற்றியபோது நாடக வடிவம் தந்தவர் குமரவேல். இருபதாண்டுகளுக்குப் பின் மணிரத்னத்தோடும் ஜெயமோகனோடும் திரைக்கதையிற் பங்குகொண்டவரும் அவரே. மேடையில் பெற்ற பயிற்சி திரைக்கு உதவிற்று. ஐயத்தைத் தீர்க்கும் மருந்து செய்து பழகுதலே.

கல்கியும் வினாக்களுக்குத் தப்பவில்லை. கதை திடுமென முடிந்துவிட்டதே, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று வாசகர் கேட்க, முடிவுரை எழுதி விளக்கவேண்டிய நிலை அவருக்கும் வந்தது. இன்று மூலத்தின் ஓரெழுத்தும் மாறலாகாது என்போர், அன்று அம்மூலமே குறையுடையதாகக் கருதப்பட்டதை எண்ணிப் பார்ப்பாராக.

இவ்வாறு கூறுவதால் படம் குறையற்றதெனக் கொள்ளவேண்டா. வந்தியத்தேவனின் குறும்புக்கு நூலில் உள்ள விரிவு படத்தில் இல்லை. நூலைப் படியாதவர் பெயர்களின் நெருக்கத்தில் திணறுவர். இவை படத்தைப் படமாகக் கண்டு கூறும் குறைகள், படைப்பாளிக்குப் பயன்படுபவை. மூலத்தில் இருந்தவற்றைப் பட்டியலிட்டு, இல்லாதவற்றுக்கு மதிப்பெண் குறைப்பது திறனாய்வாகாது.

மாணவனின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியருள் இருவகையினர் உண்டு. ஒருவர் கரும்பலகையில் தாம் எழுதிய மாதிரிக் கட்டுரையோடு ஒப்பிட்டு, மாறிய இடமெல்லாம் சிவப்பு மையால் கோடிடுவார். மற்றவர் மாணவன் கூற வந்தது யாதென முதலில் தேடுவார். முன்னவர் வகுப்பில் பிழையற்ற படிகள் பெருகும். எழுத்தாளன் ஒருவனும் தோன்றான். அத்தகைய வகுப்பினின்று வெளிவந்த இளைஞன் தாளை எடுக்கும்போதே அச்சிவப்பு மையைக் காண்கிறான். எழுதுமுன் அடித்துவிடுகிறான்.

இஃது இந்நாட்டுத் தமிழ் எழுத்துக்கு உயிர்நிலையான செய்தி. சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த தோட்டத் தமிழரின் துயரை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்களாக்கித் தந்துள்ளனர். நாளை ஓர் இளைஞன் அவற்றுள் ஒன்றைத் திரைக்கதையாக எழுதிவந்து நடுங்கும் கையோடு நீட்டக்கூடும். அவன் எதை விட்டான் என்று எண்ணத் தொடங்குமுன், எதைக் கண்டான் என்று கேட்கும் பெரியோர் இங்கு வேண்டும். அவனும் தன் ஐயத்தைப் பாயிரத்தில் எழுதிவைத்துவிட்டு, நூலைத் தொடங்குவானாக.