நர்ஸ்களின் மேல்படிப்பு: பயன் யாருக்கு?

ஆஸ்பத்திரியில் ஓரிரவாவது நோயாளியின் அருகில் விழித்திருந்தவர் அனைவரும் ஓர் உண்மையை அறிவர். டாக்டர் வருகிறார், பார்க்கிறார், மருந்தெழுதிவிட்டுப் போகிறார். அவர் திரும்பி வருமட்டும் நாடியைக் கவனிப்பதும், மூச்சுத் திணறலை முதலில் கண்டுகொள்வதும், வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், கலங்கி நிற்கும் பந்துக்களுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வதும் நர்ஸே. அந்த நர்ஸ்களுக்குள் மிகுதியாகப் படித்தவர் எவரோ அவரே நோயாளியின் படுக்கையை விட்டு வெகுதூரம் போய்விடுகிறார் என்றால், நமது ஏற்பாட்டில் எங்கோ பிழை இருக்கிறதென்றே கொள்ளவேண்டும். எம்.எஸ்ஸி. நர்ஸிங் பட்டத்தின் தற்கால நிலைமை பெரும்பாலும் இதுதான்.

இப்பட்டம் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஸர் ஜோஸப் போர் என்பவரின் தலைமையில் அமைந்த சுகாதார விசாரணைக் கமிட்டியார் 1946-ம் வருஷத்தில் தமது அறிக்கையை வெளியிட்டனர். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 7,000 நர்ஸ்களே இருந்தனரென்றும், 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் வீதமே கிடைத்ததென்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். அதே வருஷத்தில் டில்லி நர்ஸிங் கல்லூரியிலும் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் நர்ஸிங் பி.எஸ்ஸி. படிப்பு ஆரம்பமாயிற்று. 1959-ல் டில்லிக் கல்லூரியில் மாஸ்டர் பட்டப் படிப்பும் ஏற்பட்டது. நர்ஸ்களே அரிதாயிருந்த தேசத்தில் நர்ஸ்களைப் பயிற்றும் ஆசிரியர்களைத் தயாரிப்பதே முதற் கடமையாயிருந்தது. ஆதலின் மேல்படிப்பு போதனைத் தொழிலுக்கு வாயிலாக அமைந்ததில் ஆச்சரியமில்லை. முன்னோர் மீது குற்றமில்லை. காலம் மாறிய பின்னும் அவ்வொரு வாயிலோடு நின்றுவிட்ட நம்மீதே குற்றம்.

இன்று இப்படிப்பில் சேர விரும்புபவர் பி.எஸ்ஸி. பரீட்சையில் நூற்றுக்கு 55-க்குக் குறையாமல் வாங்கியிருக்கவேண்டும். நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் பதிவு பெற்றிருக்கவேண்டும். ஒரு வருஷமாவது வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். அதன்பின் இரண்டு வருஷம் பிரசவ வைத்தியம், குழந்தை வைத்தியம், மனநோய், சமூக சுகாதாரம், பொது வைத்தியமும் ரணசிகிச்சையும் என்னும் பிரிவுகளில் ஒன்றில் தேர்ச்சி பெறுகிறார். பலர் வேலையை விட்டு, கடன் வாங்கிப் படிக்கிறார்கள். பட்டம் பெற்று வந்தபின் காத்திருப்பது என்ன? கல்லூரியில் போதகர் பதவி, இல்லையேல் அயல்நாடு. மனநோயாளிகளைப் பேணுவதில் இரண்டு வருஷம் தேர்ந்த ஒருவர் வார்டுக்கே திரும்ப விரும்பினால், அவருடைய விசேஷ ஞானத்துக்கென்று ஒரு தனிப்பதவி பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இல்லை.

பிற தேசத்தாரும் இவ்வழியிலேதான் தொடங்கினர். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் 1899-ல் ஏற்பட்ட நர்ஸ்களின் மேல்பயிற்சி, மேற்பார்வையாளரையும் போதகரையும் தயாரிக்கவே ஏற்பட்டது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1954-ல் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் ஹில்டகார்ட் பெப்லாவ் அம்மையார், மனநோயாளிகளை நேரில் பேணும் நிபுணர்களுக்கென்றே மாஸ்டர் படிப்பை அமைத்தார். 1965-ல் கொலராடோவில் லொரெட்டா போர்டு அம்மையாரும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் சேர்ந்து ‘நர்ஸ் பிராக்டீஷனர்’ பயிற்சியை ஆரம்பித்தனர். இவ்விதம் மேல்படிப்பு நோயாளியின் அருகுக்குத் திரும்பி வந்தது.

நமது ராஜாங்கத்தாரும் இதனை அறியாதவரல்லர். 2017-ம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கொள்கையில் நர்ஸ் பிராக்டீஷனர் வகுப்பை ஏற்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 1947-ம் வருஷத்து நர்ஸிங் கவுன்ஸில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் பார்லிமெண்டு புதுச் சட்டமும் இயற்றியது. சட்டம் தொழிலின் தரத்தை வகுக்கலாம். ஆனால் வார்டில் பதவியையும் சம்பளத்தையும் கொடுக்கவேண்டியவர்கள் ஆஸ்பத்திரியை நடத்துபவர்களே. வாக்குறுதிக்கும் சம்பளப் பட்டியலுக்கும் உள்ள தூரந்தான் இவ்விஷயத்தின் உயிர்நிலை.

இதற்குச் சொல்லப்படும் ஆக்ஷேபங்கள் மூன்று. ‘நர்ஸுக்கு வேண்டியது கருணை, பட்டமன்று’ என்பர் சிலர். கருணை வேண்டுமென்பதை எவரும் மறுக்கார். ஆனால் 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஐரோப்பாவின் ஒன்பது தேசங்களில் ரணசிகிச்சை பெற்ற நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கவனித்தது. நர்ஸ்களில் பட்டதாரிகள் நூற்றுக்குப் பத்து வீதம் கூடுந்தோறும், முப்பது நாளுக்குள் மரணம் நேரும் அபாயம் நூற்றுக்கு ஏழு வீதம் குறைந்திருக்கக் கண்டார்கள். அது பி.எஸ்ஸி. பட்டத்தைப் பற்றியதே, எம்.எஸ்ஸி.க்கு அதனையே சாக்ஷியாக நாம் இழுக்கவில்லை. படிப்பு கருணைக்குச் சத்துரு அன்று என்பதற்கு மட்டும் அது போதும். ‘டாக்டர்களின் எல்லைக்குள் புகுவதாகும்’ என்பது இரண்டாவது. எழுத்து மூலமான விதிகளின்படி எல்லையை வரையறுத்துவிட்டால் தகராறுக்கு இடமேது? ‘பணமில்லை’ என்பது மூன்றாவது. பொதுப்பணத்திலும் குடும்பங்களின் கடனிலும் தேர்ந்தவர்களைப் பயன்படுத்தாமல் கப்பலேற்றி அனுப்புவதைவிடப் பெரிய வீண்செலவு வேறெது?

தனியார் ஆஸ்பத்திரிகளின் நிலைமையையும் கூறாமலிருக்க முடியாது. 2016-ல் ஸுப்ரீம் கோர்ட்டாரின் உத்தரவின் பேரில் அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த இடங்களிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளமும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் சர்க்கார் நர்ஸ்களுக்குச் சமமான சம்பளமும் தரவேண்டுமென்று சிபார்சு செய்தது. அடிப்படைச் சம்பளத்துக்கே சிபார்சு தேவைப்படும் இடத்தில், மேல்படிப்புக்குத் தனி மதிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புவது பேதைமை.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று காரியங்கள். முதலாவது, பெரிய ஆஸ்பத்திரிகளின் வார்டுகளில் மாஸ்டர் பட்டம் பெற்றவர்க்கென நிபுணர் பதவியும் அதற்கேற்ற சம்பளமும் ஏற்படவேண்டும். இரண்டாவது, சேவையிலிருப்பவர் சம்பளத்தோடு லீவு பெற்றுப் படிக்க வசதியும், படித்தபின் அப்பிரிவிலேயே குறித்த காலம் உழைக்கும் கடமையும் வேண்டும். மூன்றாவது, கல்லூரிப் போதகர்கள் வாரத்தில் சில தினங்களேனும் வார்டில் வேலை பார்க்கவேண்டும். நோயாளியைக் காணாத போதகர் புஸ்தகத்தை மட்டுமே போதிப்பார்.

பட்டம் சுவரில் தொங்குவதற்கன்று. நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஏழைக்கு அது பயன்படுகிறதா என்பதே அதன் பரீட்சை. அப்பரீட்சையில் இன்று தேறாதவர்கள் நர்ஸ்களல்லர். அவர்களுக்கு இடம் வகுக்காத நாமே.