மூச்சறிந்து ஓடுக

எம் கல்லூரியின் விழாமலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமோ ஓட்டம் பற்றி எழுதத் துணிந்தோம். இலக்கணம் கற்பிப்பவர்க்கு மைதானத்தில் என்ன வேலை என நண்பர்கள் நகைக்கலாம். நகைப்பினும் நன்று, இதனை எழுதுதற்கு எமக்கொரு கடன் உண்டு.

யாம் இப்போது பணிபுரிவது றொசல்லைப் பகுதியில். வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, தேயிலை மலைகளின் நடுவே அமைந்த சிறிய புகையிரத நிலையத்தையுடைய ஊர் அது. இங்கும் ஏனைய ஊர்களிற் போலவே இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் மரதன் ஓட்டம் நடைபெறும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓட்டமொன்றில் வீதியோரக் கண்காணிப்பாளராக நின்றோம். விசில் ஒலித்ததும் பிள்ளைகள் வில்லினின்றும் விடுபட்ட அம்புபோற் பாய்ந்தனர். யாமும் எம் பங்குக்கு, "விடாதே! இன்னும் வேகமாய் ஓடு!" எனக் கூவினோம். அரை மைல் கடக்குமுன்னரே, முதலாவதாக ஓடிய மாணவன் மதகின்மேல் அமர்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது; முகம் வெளிறியது. "எனக்கு ஓட்டம் சரிவராது, சேர். நெஞ்சுல பெலன் இல்ல" என்றான். பின்னர் அவனைப் பரிசோதித்த வைத்தியர் நெஞ்சில் யாதொரு குறையும் இல்லை என்றார். ஆயினும் அவன் மீண்டும் மைதானத்துக்கு வரவில்லை. குறை அவன் நெஞ்சிலன்று, எம் கூச்சலிலேயே இருந்தது என்பதை யாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

புதிதாக ஓடுவார்க்கு மூச்சு முட்டுவது ஏன்? சுவாசப்பைக்குக் காற்றுப் போதாமையே காரணம் எனப் பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. தசைகள் தம் சக்திக்கு மிஞ்சி உழைக்கும்போது குருதியிற் கரியமிலவாயுவும் அமிலத்தன்மையும் மிகுகின்றன. அவற்றை வெளியேற்றவே மூளை மூச்சை விரைவுபடுத்துகின்றது. ஆகவே மூச்சுத் திணறல் பெரும்பாலும் நெஞ்சின் பலவீனத்தைக் காட்டுவதன்று. கால்கள் அளவு கடந்தன என்பதை அறிவிக்கும் தூதே அது. தூதைக் கேட்டு வேகத்தைக் குறைப்பவன் ஓட்டத்தை முடிப்பான். கேளாதவன் மதகில் அமர்வான்.

மலைநாட்டில் இவ்வுண்மை இருமடங்கு பொருந்தும். ஹற்றன் நகர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,100 அடி உயரத்தில் உள்ளது. அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையிற் கிடைப்பதிலும் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு குறைவு. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா, 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிக்கோ நகரில் நடைபெற்றது. 10,000 மீற்றர் ஓட்டத்தில் அன்று உலக சாதனை படைத்திருந்த அவுஸ்திரேலிய வீரர் றொன் கிளாக் ஆறாவதாக வந்து மயங்கி வீழ்ந்தார். உயர்நிலத்திற் பழகிய கென்யாவின் நஃப்தாலி தெமு வென்றார். சாதனையாளரையே வீழ்த்தும் மெல்லிய காற்று, பழகாத பாலகனை விட்டுவைக்குமோ?

மலையில் எவ்வாறு செல்ல வேண்டும் என்பதை அறிய யாம் அந்நிய நாடு செல்ல வேண்டியதில்லை. 1884இல் ஹற்றனை எட்டிய புகையிரதப் பாதையில், 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்கள் உள. அவற்றிற் புகைவண்டி ஒரே சீராக, மெல்ல மெல்லவே ஏறுகின்றது. கொழுந்துக் கூடையுடன் மலையேறும் எம் மாணவரின் தாய்மாரும் முதலடியில் ஓடுவதில்லை. அடி குறுக்கி, மூச்சுக்கேற்ப நடந்து, நாள் முழுதும் நிலைக்கின்றனர். பிள்ளைகளின் வீட்டிலேயே உள்ள இவ்வறிவைப் பாடசாலை மறக்கச் செய்தல் ஆகாது.

இனி, வேகத்தை அளப்பது எவ்வாறு? யாம் கண்ட எளிய அளவுகோல் திருக்குறள். ஓடும்போதே குறளொன்றின் ஏழு சீர்களையும் திணறாது சொல்ல முடியுமாயின் வேகம் தக்கது. முதலடியின் நான்கு சீருக்குள்ளேயே மூச்சு அறுபடுமாயின் வேகம் மிக்கது. உடனே குறைக்க வேண்டும். இதனைத் தொடங்கிய நாள் முதல் எம் மாணவர் ஓடவும் கற்றனர், குறளும் மறவாதிருக்கின்றனர்.

உந்தியினின்று எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று எழுத்தாகப் பிறக்கும் எனத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். ஓடுபவரும் தோளை உயர்த்தி மேல்மூச்சு வாங்காது, வயிறு அசைய ஆழ்ந்து மூச்சுவிடப் பழகுதல் நன்று. மூக்கு ஒன்றே போதும் என வற்புறுத்தல் வேண்டா. வாயாலும் மூச்சு விடலாம். பிராணாயாமத்திற் பயிலும் கும்பகம் அமர்ந்திருப்பார்க்குரியது. ஓடும்போது மூச்சை அடக்குதல் தவறு.

தொடங்குவோர் முதல் வாரத்தில் ஒரு நிமிடம் மெல்லோட்டமும் இரண்டு நிமிட நடையுமாக மாறி மாறி இருபத்தைந்து நிமிடம் பழகலாம். கிழமைக்கு மூன்று நாள் போதும். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டி நடையைக் குறைத்துவந்தால், எட்டு அல்லது பத்து வாரங்களிற் பெரும்பாலோர் இடையறாது ஓடும் நிலையை அடைவர். உண்டு இரண்டு மணி நேரம் கழியுமுன் ஓடினால் விலாவிற் பிடிப்பு உண்டாகலாம். ஓடுமுன் பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குதலும் வேண்டும்.

எனினும் எல்லா மூச்சுத் திணறலும் வேகத்தால் வருவதன்று. ஈழை நோயுடைய பிள்ளைகளுக்குக் குளிர்ந்த காலைக் காற்றில் ஓடும்போது சுவாசக் குழாய் சுருங்கலாம். ஓட்டம் நின்ற பின்னரும் இழுப்பும் இருமலும் தொடர்வது அதன் குறி. அவர்கள் வைத்தியர் தந்த மருந்தைக் கையிற் கொண்டு ஓடுதல் வேண்டும். குருதிச்சோகையும் மூச்சு வாங்கச் செய்யும். காலையுணவின்றி வரும் பிள்ளையை ஓடச் சொல்வதும் அறமன்று. நெஞ்சுவலி, தலைச்சுற்று, மயக்கம் என்பன தோன்றின் அக்கணமே நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திருக்கோவிலிற் பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. எவரையும் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயின் பயிற்சியும் பரிசோதனையும் இன்றி எந்தப் பிள்ளையையும் நெடுந்தூரம் ஓடவிடலாகாது என்பதை அச்செய்திக்குப் பின்னும் உணராதிருப்போமாயின், ஆசிரியர் என்னும் பெயர் எமக்குப் பொருந்தாது.

ஆகவே எம் கல்லூரிக்கும் ஏனைய பாடசாலைகளுக்கும் மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். ஒன்று, மரதன் ஓட்டத்துக்கு எட்டு வாரம் முன்னரே மெல்லோட்டப் பயிற்சி தொடங்குக. இரண்டு, ஓடுவோர் அனைவரையும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்துக. ஓட்டப் பாதையில் முதலுதவியாளரையும் வாகனத்தையும் நிறுத்துக. மூன்று, வெற்றிக் கிண்ணங்கள் வழங்கும் பழைய மாணவர்கள், முற்பாதியிலும் பிற்பாதியைக் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கும் மாணவர்க்கும் ஒரு கிண்ணம் வழங்குக. எதற்குப் பரிசு உண்டோ அதனையே பிள்ளைகள் பயில்வர்.

ஹற்றன் பகுதியிற் பிறந்த குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றர் ஓட்டத்திலே தேசிய மட்டத்தில் வெற்றிவாகை சூடியவர். இம்மலைகள் நெஞ்சுரமற்றவரைப் பெறவில்லை என்பதற்கு அவரே சான்று. மதகில் அமர்ந்த எம் மாணவனும் ஓடத்தக்கவனே. மெல்லத் தொடங்கு என்று சொல்ல அன்று அவன் அருகில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். இனி வரும் பிள்ளைகளுக்கேனும் அச்சொல்லை நாம் சொல்வோமாக.