தள்ளுபடிக்குப் பணம் கொடுப்பது யார்?

ஆடி பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே நம் கடை வீதிகளில் "50 சதவீதம் தள்ளுபடி" என்ற தட்டிகள் ஏறிவிடுகின்றன. ஆடி முடிந்ததும் ஆயுத பூஜை, தீபாவளி, அதன் பின் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று தட்டியில் பண்டிகையின் பெயர் மட்டும் மாறுகிறது. சில ஆண்டுகளாக நவம்பர் கடைசியில் "பிளாக் பிரைடே" என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கர்கள் தங்கள் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்கு மறுநாள் நடத்தும் விற்பனை அது. அந்தத் திருநாளுக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் தட்டி வந்துவிட்டது.

பண்டிகைக்குத் துணிமணி வாங்காதீர்கள் என்று மக்களுக்கு உபதேசம் செய்ய நாம் சாமியார்கள் அல்ல. தீபாவளி வியாபாரத்தை நம்பித்தான் நமது வீட்டு அடுப்பும் எரிகிறது. ஆனால் வியாபாரம் என்பது வேறு, வெறி என்பது வேறு. இந்தத் தள்ளுபடி வெறியை வளர்த்தவர்கள் யார், இதற்கு உண்மையில் பணம் கொடுப்பவர்கள் யார் என்பதை வணிகப் பெருமக்களாகிய நாம் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்றைய ஆடித் தள்ளுபடி

ஆடித் தள்ளுபடி தொடக்கத்தில் நியாயமான காரணத்தோடுதான் வந்தது. சித்திரை, வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்கு வாங்கிய சரக்கில் விற்றது போக மீதி கடையில் தங்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் விவசாயி கையில் உள்ள காசை விதைக்கும் உரத்துக்கும் போட்டுவிடுவார். கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தீபாவளிக் கொள்முதலுக்கோ ரொக்கம் வேண்டும். ஆகவே தங்கிய சரக்கை அடக்க விலைக்கும் அதற்குக் கீழேயும் தள்ளினோம். நஷ்டம் வியாபாரியுடையது, லாபம் வாடிக்கையாளருடையது. அதில் பொய் இல்லை.

கோ-ஆப்டெக்ஸ் கைத்தறித் துணிகளுக்கும், காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதர்த் துணிகளுக்கும் கொடுக்கிற தள்ளுபடியும் அப்படியே. நெசவாளியிடம் சரக்குத் தேங்கக் கூடாது என்பதற்காக அரசாங்கம் தன் பங்கைப் போடுகிறது. யார் பணம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்று நடப்பது என்ன? ஆடிக்கு முன்னால் மீந்த சரக்கை யாரும் தேடுவதில்லை. சித்திரையிலேயே "ஆடிச் சரக்கு" என்று தனியாக ஆர்டர் வருகிறது. தள்ளுபடி செய்வதற்கென்றே புதிதாக நெய்யப்படும் சரக்கு! மொத்த வியாபாரத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த ஆர்டரின் உள்கணக்கு நன்றாகவே தெரியும்.

சீட்டில் ஏறும் விலை

கணக்கு எளிது. மொத்த விலை 300 ரூபாய் உள்ள ஒரு சேலையை, வாடகை, சம்பளம், மின்கட்டணம், வரி, நியாயமான லாபம் எல்லாம் சேர்த்து 420 ரூபாய்க்கு விற்றால் ஒரு கடை நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதையே பாதி விலைக்குக் கொடுப்பதாகக் காட்ட வேண்டுமானால் சீட்டில் 840 என்று அச்சிட வேண்டும். தட்டிக்கும் டி.வி. விளம்பரத்துக்கும் ஆகும் செலவைச் சேர்த்தால் 450 ஆகும், சீட்டு 900 ஆகும். வாடிக்கையாளர் 450 ரூபாய் மிச்சம் பிடித்ததாக மகிழ்ந்து போகிறார். உண்மையில் 30 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறார்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் இந்த வகைதான். கணக்கில் அது 33 சதவீதம். ஆனால் ஒரு சேலை எடுக்க வந்த அம்மாள் மூன்றைத் தூக்கிக்கொண்டு போகிறார். இரண்டு சேலை பீரோவில் மடிப்புக் கலையாமல் அடுத்த ஆடி வரை இருக்கிறது.

அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த விலையை எவ்வளவு உயர்த்தி அச்சிடலாம் என்பதற்கு நம் சரக்குகளுக்கு வரம்பு கிடையாது. சட்டம் விட்ட சந்தில் நாம் வண்டி ஓட்டுகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் நிறையச் சரக்கு எடுக்கும் ஒரு பெரிய ஜவுளிக்கடையிலிருந்து ஒரு சேலையை அனுப்பினார்கள். நாங்கள் 380 ரூபாய்க்குக் கொடுத்துவந்த எங்கள் சேலையேதான். "இதே டிசைன், இதே கலர். 90 ரூபாய் குறைத்துத் தர வேண்டும். ஆடிக்கு" என்றார்கள். விசைத்தறிக்காரரைக் கேட்டோம். "நெருக்கத்தைக் குறைச்சு, நூலையும் மாத்தினா தரலாமுங்க. நீளத்துலயும் கொஞ்சம் புடிக்கணும்" என்றார். ஆர்டர் பெரியது. சம்மதித்தோம். அந்தக் கடையில் சீட்டில் 798 போட்டு, பாதி விலை 399 என்று விற்றார்கள். நான்கு நாளில் சரக்குத் தீர்ந்து மறு ஆர்டர் வந்தது. நாங்களும் மகிழ்ந்தோம்.

ஆவணியில் ஒரு சிற்றூர்ச் சில்லறை வியாபாரி வந்தார். 25 வருஷமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர். ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை. எங்கள் பழைய தரச் சேலையை 380க்கு வாங்கி 480க்கு விற்றுவந்தார். பையிலிருந்து இரண்டு சேலைகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டும் உங்க சரக்குதானுங்க. தராசுல வெச்சுப் பாருங்க."

வைத்தோம். ஒன்று 480 கிராம், மற்றது 395 கிராம்.

"டவுன்ல 399க்கு விக்கிற சேலையை நான் 480க்கு வித்து ஏமாத்திட்டேன்னு ஊர்ல பேசறாங்கண்ணா. எடை வித்தியாசத்தை ஒவ்வொரு வீடாப் போயி நான் சொல்ல முடியுமுங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் கணக்கை நேர் செய்துவிட்டுப் போனார். அதன் பின் வரவில்லை.

நல்ல சரக்கை நியாய விலைக்கு விற்றவர் திருடன் என்று பெயர் வாங்கினார். மட்டச் சரக்கைப் பொய் விலை எழுதி விற்றவர்கள் வள்ளல் என்று பெயர் வாங்கினார்கள். இந்தத் தலைகீழ் கணக்குக்குத் துணை போனவர்கள் நாங்கள். தள்ளுபடியின் முதல் நஷ்டம் நேர்மையான சிறு வியாபாரிக்குத்தான் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

நெசவாளியும் கடைப் பையனும்

இரண்டாவது நஷ்டம் உற்பத்தியாளருக்கு. 90 ரூபாயில் நூலைக் குறைத்தது பாதி என்றால், கூலியைக் குறைத்தது மீதி. அதுவும் கையில் ரொக்கமாக வருவதில்லை. ஆடிச் சரக்குக்குத் தீபாவளி கழித்துப் பணம் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம் ஆகிவிட்டது. எழுதிய சட்டம் வேறு சொல்கிறது. 2006ஆம் ஆண்டுச் சிறு, குறு தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு எந்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு. ஆனால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று எந்தத் தறிக்காரரும் வாய் திறப்பதில்லை.

மூன்றாவது, நம் கடைப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அது சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயமா? தீபாவளிக்கு முந்தின நாள் நள்ளிரவு வரை சேலையை விரித்து மடித்துவிட்டு, ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, பஸ் நிலையத்தில் படுத்துத் தூங்கிய பையன்களை நாமே பார்த்திருக்கிறோம். ஊருக்கெல்லாம் புதுத்துணி கொடுத்த பிள்ளை விடிந்து பத்து மணிக்கு வீடு போய்ச் சேர்கிறான்.

வெறி எதில் போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2008 நவம்பர் 28 அன்று, அந்த "பிளாக் பிரைடே" விடியற்காலையில், நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு வால்மார்ட் கடைக் கதவை உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே பாய்ந்தது. வாசலில் நின்ற தற்காலிக ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். நம் பண்டிகைக் கூட்டங்களில் கதவைத் திறந்துவிடுகிறவனும் நம் வீட்டுப் பிள்ளை போன்ற ஒருவன்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஆன்லைனைச் சொல்லி என்ன பயன்?

ஆன்லைன் கம்பெனிகள் நம் வியாபாரத்தை அழிக்கின்றன என்று சங்கக் கூட்டங்களில் பேசுகிறோம். அதில் நியாயம் உண்டு. 2014 அக்டோபர் 6 அன்று பிளிப்கார்ட் நடத்திய ஒருநாள் பெரு விற்பனையில், சரக்கு இல்லை, விலையை ஏற்றிக் குறைத்தார்கள் என்று வாடிக்கையாளர்கள் கொதித்து, மறுநாள் அந்தக் கம்பெனியே மன்னிப்புக் கேட்டது. முதலீட்டாளர் பணத்தை வைத்து விலையை உடைக்கிறவர்களோடு, சொந்தக் கல்லாவை நம்பியிருப்பவர் போட்டி போட முடியாது. 2018 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைக் கடுமையாக்கியது. அவை 2019 பிப்ரவரி 1 முதல் அமலுக்கு வந்தன. ஆனாலும் பண்டிகை விற்பனை நின்றபாடில்லை.

ஆனால் விலையை ஏற்றி எழுதிக் குறைத்துக் காட்டும் வித்தையை அவர்கள் வருவதற்கு முன்பே நம் வீதியில் மக்களுக்குப் பழக்கியவர்கள் நாம்தானே? "இன்னும் பத்து நிமிடமே" என்று பொய் அவசரம் காட்டுவதை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்யப்பட்ட தந்திரங்களில் சேர்த்தது. நம் வீதியில் "இன்றே கடைசி" என்ற தட்டி ஒரு மாதம் தொங்குகிறது!

தவணை வியாபாரமும் இதோடு சேர்ந்ததுதான். வட்டியில்லாத் தவணை என்று உண்மையில் ஒன்று இல்லை என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி வேறு பெயரில், வேறு கட்டணமாக, எங்கோ ஒளிந்திருக்கும். ஐப்பசியில் ஆறு மாதத் தவணையில் பொருள் எடுத்தவர் சித்திரை வரை கட்டுகிறார். அதற்குள் தைப் பொங்கலும் போய்விடுகிறது, தை மாசிக் கல்யாணங்களும் போய்விடுகின்றன. அவர் நம் கடைப் படி ஏறுவதில்லை. ஆறு மாத வியாபாரத்தை ஒரே வாரத்தில் அள்ளிவிட்டு, பிறகு வியாபாரம் மந்தம் என்று நாம் புலம்புகிறோம்.

என்ன செய்யலாம்?

தள்ளுபடித் தட்டி இல்லாவிட்டால் வாடிக்கையாளர் படி ஏற மாட்டார் என்று உறுப்பினர்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஒருவர் மட்டும் தட்டியை இறக்கினால் அவர் கடையில் மட்டும் கூட்டம் இருக்காது. அதனால்தான் இதைத் தனி ஆள் செய்ய முடியாது, சங்கம் செய்ய வேண்டும் என்கிறோம். எங்கள் யோசனைகள் நான்கு.

ஒன்று, பழைய விலை என்று எதை எழுதினாலும், அந்த விலைக்கு அதே கடையில் முந்தின 30 நாளில் விற்றதற்குப் பில் இருக்க வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. தள்ளுபடி அறிவித்தால் முந்தின 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் விதி இருக்கிறது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, திசை திருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி உண்டு. அதிகாரி வந்து சொல்வதற்கு முன் நாமே திருந்துவது கௌரவம்.

இரண்டு, மலிவு விலைக்கென்று நெய்யும் சரக்குக்கு வேறு டிசைன் எண் கொடுக்க வேண்டும். நீளமும் எடையும் சீட்டில் இருக்க வேண்டும். இது மொத்த வியாபாரிகளாகிய எங்கள் பொறுப்பு. மலிவுச் சரக்கு வேண்டியவர் அதை மலிவுச் சரக்கு என்று தெரிந்தே வாங்கட்டும். அதில் அவமானம் இல்லை.

மூன்று, தறிக்காரருக்கு 45 நாளுக்குள் பணம்.

நான்கு, தீபாவளிக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு வீதி முழுவதும் கடை சாத்துவது. எல்லோரும் சாத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள்.

எங்கள் கடையில் இப்போது ஒரே டிசைனில் இரண்டு தரம் கிடையாது. அதனால் இரண்டு பெரிய ஆர்டர்கள் போயின. போகட்டும் என்று விட்டுவிட்டோம் என்று சொன்னால் பொய். அந்த வருஷம் கஷ்டப்பட்டோம். கணக்கை முடித்துக்கொண்டு போன அந்தச் சில்லறை வியாபாரியின் மகன் சென்ற தையில் வந்தார். சரக்கைப் பார்த்தார். ஒரு சேலையைக் கையில் தூக்கிப் பார்த்தார். நாங்களே தராசை எடுத்து அவர் முன் வைத்தோம். இரண்டு கட்டு எடுத்துப் போயிருக்கிறார்.

வரும் பொதுக்குழுவில் இந்த நான்கு யோசனைகளையும் தீர்மானமாக வைக்க இருக்கிறோம். எதிர்த்துப் பேச நினைப்பவர்களும் அவசியம் வர வேண்டும். வரும்போது உங்கள் கடையில் சென்ற ஆடியில் பாதி விலைக்கு விற்ற ஒரு துணியும், அதன் கொள்முதல் பில்லும் கொண்டுவாருங்கள். சங்கக் கட்டிடத்தில் தராசு இருக்கிறது.